கித்தாமர வளைவின் இருமல்

டாக்டர் விஜிதாவின் கிளினிக்குக்கு இரண்டு விதமான நோயாளிகள் வருவார்கள். காலையிலும் மாலையிலும் வருகிறவர்களுக்குச் சளி, சர்க்கரை, முட்டிவலி, வேலைக்குப் போகப் பிடிக்காததால் வரும் தலைவலி. மதியம் வருகிறவர்களுக்கும் ஏறக்குறைய இதே நோய்கள்தான். என்ன, அவர்களில் பாதிப் பேர் செத்துப் பல வருடமாகியிருக்கும், மீதிப் பேர் பிறந்ததே இல்லை.

மலேசியாவில், குளுவாங் ஊர்ச் சந்தையான பசாருக்குப் பின்வரிசையில், ஒரு மோட்டார் சைக்கிள் கடைக்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் அந்தக் கிளினிக். மதியம் உதவியாளர் லோஷினி இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடப் போவாள். வெயில் உச்சியில் நிற்கிற அந்த நேரத்தில், குனியக்கூட அவசியமில்லாத சிலர் உள்ளே வந்து நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். கிளினிக்குக்காக இந்தக் கடையை வாங்கிய புதிதில் ஓர் ஆலமரத்துப் பேய் கால் சுளுக்கிக்கொண்டு வந்தது. விஜிதா பயந்து நடுங்கியபடியே கட்டுப் போட்டு அனுப்பினாள். அது போய் நாலு பேரிடம் சொல்லிவிட்டது. கைராசி என்று பெயர் வந்துவிட்டால் எந்த உலகத்திலும் கூட்டம் சேரும்.

லோஷினிக்கு அவர்கள் கண்ணில் பட மாட்டார்கள். ஆனால் அவளுக்குத் தெரியும். சாப்பிட்டுவிட்டு வந்ததும் மூக்கைச் சுளித்து, "இன்னிக்குப் பூவாசக்காரம்மா வந்தாங்களா டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டே ஜன்னலைத் திறந்துவிடுவாள். பூவாசக்காரம்மா என்பது மலாய்க் கிராமமான கம்பத்தின் கல்லறைப் பக்கம் திரிகிற ஒரு பெண்மணி. அவளுக்குக் கை எப்போதும் சில்லிட்டிருக்கும். விஜிதா அவளுக்கு வைட்டமின் மாத்திரை கொடுத்து, வெயிலில் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருந்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் முனியாண்டி வந்தார்.

குளுவாங்கிலிருந்து பாலோவுக்குப் போகிற பாதையில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே கித்தாமர வளைவு என்று ஓர் இடம் உண்டு. கித்தாவை, அதாவது ரப்பர் மரங்களை, வெட்டிவிட்டுச் செம்பனை நட்டு ஒரு தலைமுறை ஆகிவிட்டது. வளைவில் ஒரே ஒரு கித்தா மரம் மட்டும் தப்பித்து நிற்கிறது. அதன் அடியில் ஒரு கல்லும் சூலமும் தகரக் கூரையும் இருந்ததால் வெட்ட வந்தவர்கள் கை வைக்கவில்லை. அந்தப் பக்கம் போகிற லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துவிட்டுத்தான் வளைவில் திரும்புவார்கள். பாதிப் பேர் இறங்கிச் சுருட்டைப் பற்றவைத்துக் கல்லின் மேல் வைப்பார்கள், கொஞ்சம் சம்சுச் சாராயமும் ஊற்றுவார்கள். அந்தக் கல்லில் குடியிருக்கிற முனியாண்டிக்கு அதுதான் சாப்பாடு.

அவர் பழைய காலத்துத் தோட்டக் கங்காணியான மண்டோரைப்போல் காக்கிச் சட்டை போட்டிருந்தார். மீசை இரண்டு பக்கமும் காதைத் தொட்டது. இருமத் தொடங்கினால் மருந்து அலமாரியின் கண்ணாடி அதிர்ந்தது. எவ்வளவு நாளாக என்று விஜிதா கேட்டாள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து என்றார். ஒரு நாளைக்கு எத்தனை சுருட்டு என்று கேட்டாள். எத்தனை வைக்கிறார்களோ அத்தனை என்றார். ஸ்டெதஸ்கோப் குழாயை அவர் மார்பில் வைத்தபோது உள்ளே விசில் சத்தமும், தூரத்தில் சக்கரங்கள் உரசுவதுபோல் ஒரு கிறீச்சும் கேட்டது. சுருங்கிய மூச்சுக்குழாய், பல வருடப் புகை என்று அவள் முடிவுகட்டினாள். தார்போல் கறுத்துக் கிடந்த சளியை ஒரு சின்னப் பாட்டிலில் பிடித்து ஐஸ்பெட்டியில் வைத்தாள். அதை எந்த லேபுக்கு அனுப்புவது? அங்கேயே கிடந்தது.

சுருட்டை விட்டே ஆக வேண்டும் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொன்னாள். அவர் மீசையைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். விட்டால் சரிப்படுமா என்று கேட்டார். ஏன் சரிப்படாது என்று இவள் திருப்பிக் கேட்டாள். யாரோ கொண்டுவந்து வைத்தார்கள், வைத்த நாளிலிருந்து இழுக்கிறார், எதற்கு என்று அவரும் யோசித்ததில்லை.

இந்த இடத்தில் விஜிதாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் இந்தக் கதையில் அவள் ரொம்ப நல்லவளாகப் போய்விடுவாள். அவள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். தாத்தா கந்தப்பு ரயில்வேயில் கிளார்க். அவர்கள் வீட்டுச் சாமிகள் சந்தனம் மணக்கும், பாலில் குளிக்கும், தேவாரம் கேட்கும். சின்ன வயதில் குடும்பத்தோடு காரில் தோட்டத்துப் பக்கம் போகும்போது, இந்த மாதிரிச் சூலமும் சுருட்டும் கண்ணில் பட்டால் அம்மா கனகம்மா கார்க் கண்ணாடியை ஏற்றிவிடுவாள். "உதுகளைப் பார்க்காதை பிள்ளை" என்பாள். தான் அம்மாவைப் போல இல்லை என்பதில் விஜிதாவுக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. பேய்க்கும் முனிக்கும் நாடி பிடித்துப் பார்க்கிறவளை யாராவது சாதித் திமிர் பிடித்தவள் என்று சொல்ல முடியுமா? ஆனாலும், சுருட்டு வேண்டாம் என்று அவள் சொன்னபோது அதில் நுரையீரல் பற்றிய அக்கறை பாதிதான் இருந்தது. சாமி என்று இருக்கிறவர் இப்படியா இருப்பது என்ற அருவருப்பு மீதிப் பாதி. அது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

அவள் அதோடு விடவில்லை. அந்த முனியாண்டிக்கு விளக்கேற்றிக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவர் வீரமுத்து, ஓய்வுபெற்ற லாரி டிரைவர். அவருக்கு இரத்த அழுத்த மாத்திரை எழுதிக் கொடுப்பவளும் விஜிதாதான். இனிமேல் சுருட்டும் சம்சுவும் வேண்டாம், பாலும் பழமும் வையுங்கள், பார்க்கவும் நன்றாக இருக்கும், பிள்ளைகள் வந்து கும்பிடுவார்கள் என்று அவரிடம் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார். டாக்டர் சொல்லும்போது மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. போதாததற்கு, விஜிதா தன் செலவிலேயே புகைபிடிக்கக் கூடாது என்று மூன்று மொழியில் ஒரு பலகை எழுதி அந்த மரத்தில் மாட்டச் செய்தாள். சுருட்டு முனியாண்டியின் தலைக்கு மேல் அந்தப் பலகை. லாரிக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள், பிறகு பழகிப்போய், சுருட்டை மறந்துவிட்டு ஹாரனை மட்டும் அடித்துப் போனார்கள்.

முனியாண்டி தேறினார். நாளாக நாளாக இருமல் குறைந்தது, முகத்தில் தெளிச்சி வந்தது. ஒரு வியாழக்கிழமை மதியம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. "நேத்து தூங்கினேன் டாக்டரம்மா. தூக்கம்னா என்னன்னு எனக்கு நேத்துதான் தெரியும்" என்றார். விஜிதா அன்றைக்கு முழுவதும் காற்றில் நடந்தாள். அவள் வாழ்க்கையிலேயே அதுதான் ஆகச் சிறந்த வைத்தியம். எந்த மருத்துவப் பத்திரிகைக்கும் எழுதி அனுப்ப முடியாது என்பது ஒன்றுதான் குறை.

அதற்குப் பிறகு வளைவில் விபத்துகள் தொடங்கின. முதலில் ஒரு கார் சாலையோரக் கால்வாயில் விழுந்தது. பிறகு டுரியான் ஏற்றி வந்த லாரி கவிழ்ந்து, பழம் ரோடெல்லாம் உருண்டது. ஆளுக்கொன்றாகப் பொறுக்கிக்கொண்டு போனவர்கள் டிரைவரின் உடைந்த கையைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. மூன்றாவது, லோஷினியின் புருஷன் செல்வா. பாலோவிலிருந்து குளுவாங்கில் உள்ள மரச்சாமான் ஃபேக்டரிக்குக் காலை ஷிஃப்டுக்கு மோட்டார் சைக்கிளில் வந்தவன். வழக்கம்போல் ஹாரன் அடித்துவிட்டுத்தான் திரும்பினான். எதிரில் வந்த செம்பனை லாரியும் ஹாரன் அடித்தது. ஆனாலும் இரண்டும் உரசின. இடது காலை முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

லோஷினி இரண்டு வாரம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். திரும்பி வேலைக்கு வந்த அன்று விஜிதா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். லோஷினி அழவில்லை. "உயிரு தப்பிச்சதே டாக்டர். முனியாண்டி காப்பாத்திட்டாரு. அவரு இல்லன்னா ஆளே போயிருப்பாரு" என்றாள். வெள்ளிக்கிழமைதோறும் வளைவில் இறங்கிப் பால் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாளாம். நீங்கள் சொன்ன மாதிரியே சுத்தமான பால் என்றாள். அவளுடைய மகள் கஸ்தூரியும் தினமும் அதே வளைவு வழியாகத்தான் பள்ளி வேனில் போய்வருகிறது, அதனால் அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் இந்த வேண்டுதல்.

 வளைவில் புதிதாக எதுவோ வந்து குடியேறியிருக்கிறது, அதுதான் ஆளைக் கவிழ்க்கிறது என்று விஜிதா நினைத்தாள். அது எது என்று கண்டுபிடித்துவிட்டால், ஊசியோ மருந்தோ பேச்சோ, எதையாவது கொடுத்து அடக்கிவிடலாம். அடுத்த வேன் கவிழ்வதற்குள் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மதிய நோயாளிகள் ஒவ்வொருவரிடமும் விசாரித்தாள். ஆலமரத்துப் பேய்க்கு எதுவும் தெரியவில்லை. சீனன் கோயில் மரத்தில் இருக்கிற பெரியவர், தன் எல்லைக்குள் நடக்காததைப் பற்றிப் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டார், அரசாங்க அதிகாரி கணக்காக. கடைசியில் பூவாசக்காரம்மாதான் வாயைத் திறந்தாள். அங்கே யாரும் புதிதாக வரவில்லை என்றாள். பிறகு, கை நகத்தைப் பார்த்துக்கொண்டே, போன வாரம் தான் அந்த வளைவைத் தாண்டிப் போனதாகவும், ஒருவரும் தன்னை உறுமி விரட்டவில்லை என்றும், அந்த நடுரோட்டில் அவ்வளவு நிம்மதியாக இதுவரை நடந்ததே இல்லை என்றும் சொன்னாள். இத்தனை காலம் அந்தப் பக்கம் தலை காட்டினாலே காக்கிச் சட்டைக்காரர் எழுந்து நிற்பாராம். இப்போது மரத்தடியில் படுத்துக் குறட்டை விடுகிறாராம்.

 தூங்குகிறவரை எழுப்பி, வேலையைப் பார் என்று சொன்னால் ஆகிவிடும் என்றுதான் விஜிதாவுக்கு முதலில் தோன்றியது. பிறகு ஒரு தடுப்பூசி எடுப்பதற்காக ஐஸ்பெட்டியைத் திறந்தாள். பின்னால் முனியாண்டியின் சளிப் பாட்டில் இருந்தது.

மூடியைத் திருகியதும் பிரேக் சத்தம் கேட்டது.

அறைக்குள்ளேயே, காதுக்குப் பக்கத்தில். டயர் தேயும் வாசம் கிளம்பியது. அதன் பின்னால் ஒரு லாரியின் நீண்ட ஹாரன். அப்புறம் பிள்ளைகள் கத்துகிற சத்தம், ஒரு வேன் நிறையப் பிள்ளைகள். கண்ணாடி நொறுங்கியது. யாரோ ஒரு சிறுமி, "கஸ்தூரி, கஸ்தூரி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், பதில் வரவில்லை. விஜிதா மூடியை அழுத்திப் பிடித்தாள். 

கஸ்தூரி உயிரோடுதான் இருக்கிறாள். போன சனிக்கிழமைகூட இதே மேசையில் உட்கார்ந்து படம் வரைந்தாள். விஜிதாவுக்கு அப்போது இன்னொரு நாள் நினைவு வந்தது. முனியாண்டி முதன்முதலாக வந்துபோன அன்று சாயங்காலம், பள்ளி விட்டு அம்மாவைத் தேடி வந்த கஸ்தூரி, அன்று காலை வேன் அங்கிள் வளைவில் திடீரென்று பிரேக் போட்டதையும், எல்லோருடைய தண்ணீர்ப் புட்டியும் உருண்டதையும், தாங்கள் விழுந்து விழுந்து சிரித்ததையும் சொல்லியிருந்தாள். அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது. நடக்காமல் போனது இந்தப் பாட்டிலில் இருந்தது.

முனியாண்டி நோயாளியே இல்லை. வளைவில் வருகிற சாவை அவர் சுருட்டுப் புகையோடு சேர்த்து உள்ளே இழுத்தார், நெஞ்சுக்குள் வைத்துக் கரைத்தார், கறுப்புச் சளியாகத் துப்பினார். இருமல்தான் அவருடைய காவல். குழாயில் கேட்ட கிறீச்சொலி சக்கரங்கள்தான், அவள் காதால் கேட்டாள், கேட்டுவிட்டு மூச்சுக்குழாய் என்று எழுதினாள். புகை நின்றது, இருமல் நின்றது. செல்வாவின் கால் போயிற்று.

விஜிதா தரையில் உட்கார்ந்துவிட்டாள். தெரியாமல் செய்த தவறு என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. தெரியாவிட்டால் கேட்டிருக்கலாம். இத்தனை வருடமாக ஏன் வைக்கிறீர்கள் என்று ஒரு லாரிக்காரனிடமாவது கேட்டிருக்கலாம். கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. காரணம் இருக்கும் என்று நினைக்கிற அளவுக்கு அவள் அந்தச் சுருட்டை மதிக்கவில்லை. கார்க் கண்ணாடியை ஏற்றிய அம்மாவின் கைதான் அந்த மருந்துச் சீட்டை எழுதியது. அம்மாவாவது ஒதுங்கிப் போனாள், யாருடைய படையலையும் தட்டிப் பறிக்கவில்லை.

மறுநாள் மதியம் கிளினிக்கைப் பூட்டிவிட்டு, பசாரில் ஒரு கட்டு சுருட்டு வாங்கிக்கொண்டு வளைவுக்கு ஓட்டினாள். பலகையைக் கழற்றிப் புல்லில் போட்டாள். முனியாண்டி மரத்தில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். குழந்தை தூங்குகிற மாதிரி வாய் லேசாகத் திறந்திருந்தது. அவரை எழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை, ஆனாலும் எழுப்பினாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். 

"திரும்ப இருமல் வருமா?" என்றார்.

"வரும்."

"தூக்கம்?"

"போயிடும்."

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மோட்டார் ஹாரன் அடித்துப் போனது. "இத நீங்க டாக்டரா சொல்றீங்களா?"

"இல்ல. டாக்டரா இத நான் சொல்லக் கூடாது."

"அந்த மோட்டார்க்காரன் பொண்டாட்டி வெள்ளிக்கிழமை வந்து பால் ஊத்துது. எனக்கு நன்றி சொல்லுது. நான் படுத்துக்கிட்டே கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்தார். "போதும் போதும்கிற அளவுக்குத் தூங்கிட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன் டாக்டரம்மா. ஆனா வைங்க."

விஜிதா சுருட்டைப் பற்றவைத்துக் கல்லின்மேல் வைத்தாள். புகை நேராக மேலே போயிற்று. அவர் குனிந்து இழுத்தார், ஒன்றும் உள்ளே போகவில்லை. இன்னொன்றை வைத்தாள், அதுவும் அப்படியே. படையலை நிறுத்தின கையே திரும்ப வைத்தால் தனக்கு எட்டாது என்று அவர் சொன்னார். வீரமுத்துவின் கைக்கும் அதே கதிதான், அவரும் நிறுத்தினவர். இந்த வளைவில் அடிபட்ட வீட்டின் கையால்தான் வைக்க வேண்டும். கார்க்காரர் யாரோ வெளியூர்க்காரர், டுரியான் லாரிக்காரன் தாய்லாந்துப் பக்கம் போய்விட்டான். லோஷினிதான் மிச்சம்.

அடுத்த இரண்டு நாள் விஜிதாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. லோஷினியின் முகத்தைப் பார்த்து வாயைத் திறப்பாள், பிறகு, அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொல்வாள். செல்வாவுக்கு மருந்தெல்லாம் கிளினிக்கிலிருந்தே கொண்டுபோகச் சொன்னாள். லோஷினி ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னாள். அந்த நன்றியைக் கேட்க நேர்ந்ததுபோல் ஒரு தண்டனை வேறு எதுவும் இல்லை. ஒவ்வொரு மதியமும் கஸ்தூரியின் வேன் வளைவைத் தாண்டி வீடு சேர்ந்த செய்தி வரும்வரை அவள் கை எழுதுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது.

அப்போது ஒரு யோசனை தோன்றியது. கெட்ட யோசனைதான், தெரிந்தேதான் அதைப் பிடித்துக்கொண்டாள். லோஷினியிடம் எதற்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்? சுருட்டை வை என்றால் அவள் வைத்துவிடுவாள். இவள் சொன்னதை அவள் என்றைக்குத் தட்டினாள்? காவலும் திரும்பிவிடும், தன் முகமும் தப்பிவிடும்.

வெள்ளிக்கிழமை லோஷினியைத் தன் காரிலேயே கூட்டிப்போனாள். லோஷினி பால் பாக்கெட்டோடு இறங்கினாள். வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. இன்றைக்குப் பாலுக்குப் பதிலாகச் சுருட்டு வைத்துவிடு என்று விஜிதா சாதாரணமாகச் சொல்வதுபோல் சொன்னாள்.

"நீங்கதானே சுருட்டு வேணாம்னு சொன்னீங்க?"

"இப்ப வேணும். வையேன்."

லோஷினி அவளை ஒரு தரம் பார்த்தாள், பிறகு, சரி என்று தலையாட்டி நெருப்புக்குச்சியைக் கிழித்தாள். அணைந்துவிட்டது. காற்றே இல்லை. அடுத்ததும் அணைந்தது. குச்சி மேல் குச்சியாகக் கிழித்தாள், சுருட்டின் நுனியைத் தொட்டதும் ஒவ்வொன்றும் செத்தது. முனியாண்டி மரத்தை விட்டு எழுந்து வந்து, லோஷினிக்குப் பின்னால் நின்றுகொண்டு விஜிதாவைப் பார்த்தார்.

"யாருக்கு வைக்கிறோம்னு இந்தப் பொண்ணுக்குத் தெரியுது. எதுக்குன்னு தெரியல" என்றார். "சொல்லிட்டு வைக்கச் சொல்லுங்க. வேன் வர நேரம்."

தூரத்தில் செம்பனை மரங்களுக்கு இடையே மஞ்சள் நிறம் தெரிந்தது. மறுபக்கத்திலிருந்து ஒரு லாரி ஏற்றத்தில் முனகிக்கொண்டு வந்தது. லோஷினியும் வேனைப் பார்த்தாள். கஸ்தூரியின் வேன் என்று சொல்லி லேசாகச் சிரித்தாள்.

இதற்குமேல் ஒளிய இடமில்லை. விஜிதா சொன்னாள். ரொம்ப வேகமாக, மூச்சு வாங்கச் சொன்னாள். முனியாண்டி உன் புருஷனைக் காப்பாற்றவில்லை, அவர் தூங்கிக்கொண்டிருந்தார், நான்தான் தூங்கவைத்தேன் என்றாள். சுருட்டை நிறுத்தியது, இருமல் எதற்காக, பாட்டிலில் கேட்டது, எல்லாவற்றையும் சொன்னாள். கஸ்தூரியின் பெயரைக் கூப்பிட்ட அந்தச் சத்தத்தையும் சொன்னாள்.

லோஷினியின் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு உடனே போகவில்லை. மறந்துபோய் அங்கேயே இருந்தது. அப்புறம்தான் போயிற்று.  கடைசிக் குச்சியைக் கிழித்தாள். சுருட்டு பற்றிக்கொண்டது. அதைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, அசையாமல் நின்றாள்.

முனியாண்டி குனிந்து இழுத்தார். புகை முழுவதும் அவர் நெஞ்சுக்குள் போயிற்று. வேன் ஹாரன் அடித்தது, லாரியும் அடித்தது. வளைவின் வாயில் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று வந்த அந்தக் கணத்தில் அவர் இருமினார். மரத்திலிருந்து இலைகள் கொட்டின. லாரி இடதுபுறம் ஒதுங்கிச் சரளைக்கல்லில் குலுங்கி நின்றது. வேன் குலுங்கிப் போயிற்று. பின் கண்ணாடியில் கஸ்தூரி, அம்மா இங்கே எதற்கு நிற்கிறாள் என்ற ஆச்சரியத்தோடு கையை ஆட்டினாள். லோஷினியும் கையை ஆட்டினாள்.

முனியாண்டி கல்லில் கையூன்றி மடங்கிக் கிடந்தார். இருமல் நிற்கவில்லை. கறுப்பாக வந்துகொண்டே இருந்தது. விஜிதா அவர் முதுகைத் தடவப் போனாள், அவர் கையால் தள்ளிவிட்டார். கோபமில்லை, இருமலுக்கு இடையில் பேச முடியாதவர் செய்கிற சைகைதான்.

லோஷினிக்கு உருவம் தெரியவில்லை. ஆனால் சத்தம் கேட்டிருக்க வேண்டும். மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு வலிக்குதா?"

"வலிக்குது."

"தூங்கிக்கிட்டு இருந்தப்ப வலிக்கல?"

"இல்ல."

லோஷினி பால் பாக்கெட்டைத் திறந்து, முனியாண்டி குடிப்பதற்காகக் கல்லின் பக்கத்தில் வைத்தாள். தொண்டைக்கு ஏதாவது வேண்டுமே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு, விஜிதாவின் கையிலிருந்த சுருட்டுக் கட்டை வாங்கிக்கொண்டாள்.

"தினமும் வைக்கணுமா?"

"தினமும்."

"நான் வைக்கிறேன். நீங்க இங்க வராதீங்க டாக்டர்."

கிளினிக்குக்குக் காரில் கூட்டிப்போகிறேன் என்று விஜிதா சொன்னாள். பஸ் வரும் என்று லோஷினி சொன்னாள். இரண்டாவது முறை கூப்பிட விஜிதாவுக்குத் துணிச்சல் வரவில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தாள், செல்வாவின் காலுக்கு அந்த வார்த்தை என்ன செய்யும் என்று தோன்றியது, வாயை மூடிக்கொண்டாள்.

காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றினாள். அப்படியும் கேட்டது. நெஞ்சின் ஆழத்திலிருந்து, இழுத்து இழுத்து, மூச்சுக்கு இடம்விடாமல் வருகிற இருமல். எந்த மருந்து, எத்தனை வேளை, எத்தனை நாளில் அது அடங்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மருந்துப் பெட்டியும் பின்சீட்டிலேயே இருந்தது. அவள் இறங்கவில்லை. காரைக் கிளப்பி, ஹாரன் அடித்து, வளைவில் திரும்பினாள்.